நீங்கள் அறிந்திருக்கக்கூடியவர்

இரவு ஒன்றே கால்.
மார்க்கம் ரோடும் லோரன்ஸும் வெட்டுமிடத்துப்
பல் வைத்தியசாலையின் தரையைத் துடைத்துவிட்டு
நோயாளிகள் வாய் திறந்து கிடக்கும் அந்தச் சாய்கதிரையில்
சப்பாத்தோடு சரிந்திருந்தேன்.
போன் ஒரு முகத்தை நீட்டியது:
நீங்கள் அறிந்திருக்கக்கூடியவர்.

பவளராணி நாகமுத்து. ஏஜாக்ஸ்.
அப்பிள் தோட்டமொன்றில் ஏணியில் நிற்கிறாள்.
தலையில் பாதி நரை.
இருவருக்கும் பொதுவான நண்பர்கள்: எவருமில்லை.

எவருமில்லையென்றால் எப்படி?

எனக்கு அங்கே படமில்லை. பெயரும் என்னுடையதல்ல.
வேலைநேரப் பட்டியல் அந்தக் குழுவில்தான் வருமென்று
மேற்பார்வைக்காரி சொன்னதால் திறந்த கணக்கு.
ஊர் எழுதவில்லை. பள்ளிக்கூடம் எழுதவில்லை.
பிறந்த திகதி கேட்டபோது
ஜனவரி ஒன்று என்று பொய் சொன்னேன்.

குப்பைப் பைகளைக் கட்டியபடி யோசித்தேன்.
ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடையில் கொடுத்த இலக்கம்.
வருமான வரி நிரப்பித் தரும் ஆளிடம் கொடுத்த அதே இலக்கம்.
எவரோ ஒருவருடைய போனில்
அவளும் நானும் அடுத்தடுத்த வரிகளில் இருந்திருக்கிறோம்.
அவர் ஒருநாள் எதையோ அவசரமாய்த் திறக்கையில்
அது கேட்டிருக்கும்:
உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?
கீழே இரண்டு பொத்தான்.
அவர் ஓமென்று ஆட்டியிருப்பார்.
யாரைக் காட்டினோம், யாருக்குக் காட்டினோம் என்று
அவருக்குத் தெரிந்திராது.

எனக்குத் தெரிந்திருந்தது.

தொண்ணூற்றாறு. வாசிகசாலை முற்றம்.
பத்தொன்பது வயது எனக்கு.
சீனிச் சாக்கில் இரண்டு ஓட்டை வெட்டித்
தலையில் கவிழ்த்து ஜீப்பில் இருத்தியிருந்தார்கள்.
முதல்நாள் இரவு என் கால்விரல்களுக்கு நடந்ததை
எழுதமாட்டேன். அது என் சொந்த விஷயம்.
வேர்வையில் மிச்சச் சீனி கரைந்து
கன்னத்தில் ஒட்டியது.
ஏழாவதாய் வந்தவன் கேதீஸ்வரன்,
நாகமுத்தற்றை மகன்.
ஒரு செருப்பில் வார் அறுந்து
காலை இழுத்து இழுத்து வந்தான்.

ஆட்டினேன்.

என் வேலைக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, தலையாட்டி.
காரணப்பெயர்.
வேலியோரம் அவன் தங்கச்சி நின்றாள்.
ஜீப்பைப் பார்க்கவில்லை, ஆமிக்காரரைப் பார்க்கவில்லை,
அந்த இரண்டு ஓட்டைகளையே பார்த்தாள்.

கதிரையை நிமிர்த்தி வைக்கும்போதுதான் உறைத்தது:
அவளை எனக்குக் காட்டினால்
என்னையும் அவளுக்குக் காட்டியிருக்கும்.
ஏஜாக்ஸில் ஒரு கட்டிலோரம், ஒரு சின்னத் திரையில்
பழக்கமில்லாத பெயர்,
அதன்மேல், படம் போடாதவர்களுக்கென்று அவர்களே மாட்டிவிடும்
சாம்பல்நிறத் தலை.
ஓட்டைகூட இல்லாத சாக்கு.

கணக்கை அழிக்கப் போனேன்.
முப்பது நாள் பொறு என்றது.
மனம் மாறினால் எல்லாம் அப்படியே இருக்குமாம்,
ஒன்றும் தொலையாதாம்.
அதோடு, நாளைக்கு எந்தக் கட்டிடம், எத்தனை மணிக்கென்று
வேறெங்கே பார்ப்பது?
விட்டுவிட்டேன்.

விடிய பஸ்ஸுக்கு நின்றேன். மைனஸ் பதினெட்டு.
கம்பளித் தொப்பி புருவம்வரை, கழுத்துத்துணி மூக்குவரை,
வெளியே கண்கள் மட்டும்.
நேரம் பார்க்க எடுத்த போன்
ஒரு கணம் என்னைப் பார்த்தது.
முகத்தைக் காட்டு என்று சொல்லவில்லை.
இலக்கம் கேட்கவில்லை.
பூட்டு மெல்ல அசைந்து திறந்தது.

உள்ளே அவள் இன்னமும் ஏணியில்தான்,
கையில் ஒரு பழத்தோடு,
இந்தப் பக்கம் பார்த்தபடி.