ஒரு பேக்கிங்கின் கனம்

வேர்க்கிளம்பி தாண்டி இரண்டாவது வளைவில்
மூன்று தடவை இருமிவிட்டு நின்றது
எழுபத்தொன்பதாம் வருஷத்து அம்பாசடர்.
மழை அப்போதுதான் தோர்ந்திருந்தது.

டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன்: நனைந்து வந்தது.
பிளக் வயரைத் தொட்டேன்: விரலில் அடித்தது.
கார்புரேட்டர் கிண்ணம் மட்டும்
துடைத்து வைத்ததுபோல் காய்ந்து கிடந்தது.
பம்பின் அடியில், ஊசி நுழையும் துளையில்
சொட்டு. நின்று, இன்னொரு சொட்டு.
உள்ளே டயாப்ரம் கிழிந்துவிட்டால்
அந்த வழியாகத்தான் வெளியே சொல்லும்.

இருபக்கமும் ரப்பர் விளை.
மரத்துக்கு ஒரு சிரட்டை,
சிரட்டை வழிய மழைவெள்ளம் கலந்த பால்.
உள்ளங்கை அகல ரப்பர் ஒன்றுக்காக
நாங்கள் ரோட்டில்.

ஜெப்லின் ஒன்றும் சொல்லவில்லை.
திங்கட்கிழமையிலிருந்தே ஒன்றும் சொல்லவில்லை.
அவன் அக்காவிடம் போனில் நான் சொன்ன ஒரு வரி
இன்னும் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது.
இன்றைக்கு அவள் மகளுக்கு நிச்சயம், குலசேகரத்தில்.
மணி ஒன்பதரை.
மறுபடி தூறியபோது
குடையை இஞ்சின்மேல் பிடித்தான்,
என்மேல் அல்ல.

நான்தான் பஸ் ஏறி மார்த்தாண்டம் போனேன்.
"பெட்ரோல் அம்பாசடரா? இப்பவும் வச்சிருக்கியளா?"
கடைக்காரர் பரணில் ஏறி, தும்மி, இறங்கினார்.
எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டி.
கூடவே இரண்டு பேக்கிங், காசு வேண்டாமாம்.

இரண்டே நட்டு.
முன்னது சொன்னபடி கேட்டது.
பின்னது இருக்கும் இடத்தைக்
கண் பார்க்க முடியாது, விரல்தான் பார்க்க வேண்டும்.
கால் சுற்று, ஸ்பேனரை எடு, திருப்பு, மறுபடி கால் சுற்று.
டாங்கிலிருந்து வரும் குழாயின் வாயில்
கைப்பையிலிருந்த பென்சில் துண்டைச் செருகினேன்.
பழைய பம்பு கழன்று கைக்கு வந்தது,
வெதுவெதுப்பாக,
பிரசவ வார்டில் பிள்ளையை வாங்கும் கை
தன்னையறியாமல் குவிந்தது.

புதியதை வைத்தேன்.
கேம் மேல் லிவர் ஏறுகையில் ஸ்பிரிங் எதிர்க்க வேண்டும்.
எதிர்த்தது, கொஞ்சம்.
அது போதும் என்று முறுக்கினேன்.

"அடி" என்றேன். ஸ்டார்ட்டரை அடித்தான்.
கழற்றிய குழாயின் கீழே நான் பிடித்த பாட்டிலில்
பெட்ரோல் பீய்ச்ச வேண்டும்.
வந்தது நாலு துளி.
இன்னொரு தடவை. மூன்று துளி.

பேட்டரி தளர்ந்தது. பள்ளிக்கூட வேன் ஒன்று ஒதுங்கிப் போனது.

அப்போதுதான் வாய் திறந்தான்:
"பழைய பேக்கிங்க எடுத்தியா?"

எடுக்கவில்லை.
நாற்பது வருஷச் சூட்டில்
காகிதம் இரும்போடு இரும்பாகிக் கறுத்துக் கிடந்தது.
இரும்பு என்றே நினைத்திருந்தேன்.
அதன்மேல் புதியது ஒன்று;
போதாதென்று, இருக்கட்டுமே என்று இன்னொன்று.
மூன்று தாள் கனம் லிவரைப் பின்னுக்குத் தள்ள
கேம் தொட்டும் தொடாமலும் சுற்றியிருக்கிறது.

டூட்டிப் பையில் இருபத்திரண்டாம் நம்பர் பிளேடு கிடந்தது.
சுரண்டினேன்.
துகள் உள்ளே விழாமல்
அவன் தன் கைக்குட்டையைத் துளைக்குள் திணித்துப் பிடித்தான்,
நிச்சயத்துக்கென்று தேய்த்து மடித்த கைக்குட்டை.
"மெல்ல. இஞ்ச இன்னும் இருக்கு."
"தெரியுது."
"தெரியல்ல உனக்கு. சரிஞ்சு பாரு."
சரிந்து பார்த்தேன். இருந்தது.

ஒரே பேக்கிங் வைத்து முறுக்கியபோது
ஸ்பிரிங் உள்ளங்கையை முழுசாகத் தள்ளியது.
பாட்டிலில் பீய்ச்சியது,
டக், டக், டக் என்று
எண்ணி எண்ணிக் கொடுப்பதுபோல்.

குலசேகரத்தில் முதல் பந்தி முடிந்து
இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
வாசலில் அக்கா.
அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
என் சேலையிலிருந்த கிரீஸைப் பார்த்தாள்.
"ஏன் இவ்வளவு நேரம்?"
"பம்பு" என்றான்.
நான் வாய் திறப்பதற்குள்
"அவளாக்கும் மாத்தினா" என்றான்.

கை கழுவப் போனேன்.
சோப்பு மூன்று தடவை போட்டும்
பெட்ரோல் வாடை போகவில்லை.
நகக்கண்ணில் கறுப்பாக,
பழைய பேக்கிங் கொஞ்சம்.