பின்னால் வரும் முன்னெழுத்து

நீடாமங்கலத்தில், அரிசி ஆலையின் மாடியில்,
உமி பறந்துவந்து விசைப்பலகையில் உட்காரும் அறையில்
மூன்று டொமைன்களுக்கு ஒரு சர்வர்.
ஆலைக்கு ஒன்று, பாலிடெக்னிக்குக்கு ஒன்று,
மன்னார்குடி ரோட்டில் புதிதாய்த் திறந்த ஆஸ்பத்திரிக்கு ஒன்று.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு அஞ்சல் பெட்டிகள்.
ஏசியை இருபத்திரண்டில் வைத்துவிட்டு
நான் ஒருவன்.

முதலாளி கேட்டது ஒரே வரி:
‘எல்லாருக்கும் ஒரே மாதிரி முகவரி வேணும் தம்பி.’
ஒரே மாதிரி என்றால்
பெயர், புள்ளி, இனிஷியல்,
பிறகு எந்த வாசல் என்பது.
காகிதத்தில் எழுதிக் காட்டியபோது
அழகாகத்தான் இருந்தது.

மென்பொருள் எழுதியவன் ஊரில்
எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் போலிருக்கிறது.
கடைசிப் பெயர் என்ற கட்டத்தில்
எங்கள் ஆட்கள் போட்டிருந்தது
அப்பா பெயரின் ஓரெழுத்து,
சிலர் ஊர், ஒருவர் பி.காம்.,
கேன்டீன் வேதவல்லி வெறும் கோடு.
கூத்தாநல்லூரிலிருந்து ஆலைக்கு வரும் மூன்று ஹாஜா மைதீன்களும்
எம் என்ற ஒரே எழுத்தில் வந்து நின்றார்கள்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன்.
இரண்டாம் ஹாஜா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை;
வேலைக்கு அவர்தான் முதலில் சேர்ந்தவராம்.

விதிகளுக்கு வரிசை உண்டு.
ஆஸ்பத்திரி முதலில், பாலிடெக்னிக் பிறகு, ஆலை கடைசி.
ஒருவருக்கு எது முதலில் பொருந்துகிறதோ அதோடு சரி,
கீழே இருப்பதை சர்வர் எட்டிப் பார்க்காது.
கடைமடைக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம்.

இரவு இரண்டு மணிக்கு ஓட்டினேன்.
விடிந்தபோது எல்லாருக்கும் புது முகவரி;
பழையது துணையாகப் பின்னால் இருக்கும்,
அதில் அனுப்பினாலும் வந்து சேரும்.
யாரையும் தொலைக்கக் கூடாது,
அவ்வளவுதான் என் தொழில்.

லேபிலிருந்து தையல்நாயகி போன் செய்தார்.
‘ஆர் வேண்டாம் சார், கே.’
மாற்றினேன்.
மறுநாள் ஆர்.
மாற்றினேன். மறுநாளும்.
பணியாளர் பதிவேட்டில் ஆர் இருக்கும்வரை
நான் கையால் எழுதியதை
விதி ராத்திரியில் வந்து அழித்துவிட்டுப் போகும்.

மூன்றாம் முறை நேரில் வந்தார்.
பிளாஸ்டிக் உறையில் அரசிதழ் நகல்,
ஒரு வரியின் கீழே பென்சில் கோடு:
ரா. தையல்நாயகி இனி கோ. தையல்நாயகி.
கோமளவல்லி, அம்மா பேரு என்றார்.
நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
‘அப்பா தவறிட்டாரா?’
‘இல்ல சார். இருக்கார்.
அதனாலதான்.’

கீழே மெஷின் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

பதிவேட்டைத் திருத்த மேனேஜர் கையெழுத்து வேண்டும்;
கொள்முதல் முடியட்டும் என்பார் அவர்.
இன்னொரு வழி இருக்கிறது.
பெட்டியின் விவரங்களுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டம்:
விதிப்படி முகவரியைத் தானாகப் புதுப்பி.
அதிலிருந்த டிக்கை எடுத்தேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்
விதிக்கு வெளியே.

‘பழசு துணையா இருக்கட்டுமா?
ரிப்போர்ட் ஏதாவது வந்தா…’
‘அதுல வர்றது எனக்கு வர வேண்டாம் சார்.’
நீக்கினேன்.

சாயங்காலம் மூணாறு தலைப்பில் டீ.
வெண்ணாறு அங்கே
பாமணியாறு, கோரையாறு, தான் என்று மூன்றாய்ப் பிரிகிறது.
ஷட்டரை இறக்கலாம், ஏற்றலாம்;
இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று
தண்ணீரைத் திருப்பி அனுப்ப எந்த லஸ்கராலும் முடியாது.
என்னால் முடிகிறது.

சம்பளம் விழுந்த மறுநாள்
சர்வர் பதிவில் ஒரு வரி:
தையல்நாயகி புள்ளி ஆர், அப்படி ஒருவர் இல்லை, திருப்பப்பட்டது.
அனுப்பியது யாரென்று பார்க்கவில்லை என எழுத நினைத்தேன்.
பார்த்தேன்.
அடுத்த மாதமும் அதே தேதி.

அவரிடம் சொல்லவில்லை.
கேன்டீனில் எதிர் மேஜையில்
உப்புமாவுக்குச் சர்க்கரை கேட்டு
வேதவல்லியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.