வெளுப்பு

ஷேட் கார்டில் 'கோரல்' என்றிருந்தது.
சாயம் ஏற்றுமுன் துணி வெளுக்கணும்.

பாம்பன்காரன் கிளாட்வின்
வால்வைத் திருகிக்கொண்டே சொன்னான்:
அது கல்லில்லை,
நம்ம வீரபாண்டி லைன் வீடு மாதிரி.
கடுகத்தனை உடம்பு,
தலைக்கொரு சுண்ணாம்பு அறை, பொதுச் சுவர்.
உடம்புக்குள்ளே பாசி குடித்தனம்.
வெயிலைக் காய்ச்சிச்
சர்க்கரையாய் வாடகை கொடுக்கும்;
நிறமும் அதனுடையதுதான்.
ராத்திரி ஷிஃப்டில்
வீட்டுக்காரன் கைநீட்டி இரை தேடுவான்.

தண்ணி ஒரு டிகிரி கூடிச்
சில வாரம் இறங்காமல் நின்றால்
குடிவைத்தவனே துரத்திவிடுவான்.
பிறகு எல்லாம் வெள்ளை.

"செத்துப்போச்சுங்ளா?"
"இல்ல. பட்டினி.
சீக்கிரம் குளுந்தா பாசி திரும்பும்."

மீட்டர் தொண்ணூறு காட்டியது.
இன்னும் அரைமணி வைக்கச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர்.
வைத்தோம்.
நொய்யல் பக்கமிருந்து
காற்றே வரவில்லை.