இழப்பு விபரம்

வங்கி உறுதி கேட்டது.
எங்களுடையது பெர்மிட் காணி, ஈடு வைக்க ஏலாதாம்.
பிணைக்கு இரண்டு அரச உத்தியோகத்தர்.
தெரிந்தவர் ஒருவர். அவரும்
மூன்று பேருக்கு ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்.
ரொறன்ரோச் சித்தப்பா,
"சமர் முடியட்டும், பார்ப்பம்."
பேராசிரியரின் ஆய்வுநிதி
கொழும்பில் ஏதோ ஒரு மேசையை விட்டு இறங்கவில்லை.

மிஞ்சியது இந்தப் புலமைப்பரிசில் படிவம்.
அறிவியல்நகர் விடுதி, கரண்ட் போய் வந்த இரவு,
ஏழாம் கேள்வி:
குடும்பம் அடைந்த இழப்புகளை
ஐந்நூறு சொற்களுக்குள் விபரிக்குக.

அண்ணாவின் பெயரை எழுதி
வெட்டினேன்.

பிறகு,
நான் அளந்த வாய்க்காலில்
திறந்துவிடும் நூறு லீற்றரில்
கடைசி வயலுக்கு வருவது ஐம்பத்தெட்டு.
மிச்சம் எங்கே போகிறது என்று
தேடத்தான்
காசு கேட்கிறேன்.