இருபத்தியோராம் நாள்

புதுச்சத்திரம் பண்ணையிலிருந்து போன
நாலே முக்கால் லட்சம் முட்டை
செங்கடல் ஓரத் துறைமுகமொன்றில்
இருபத்தியோரு நாளாய்க் கிடக்கிறது.

ஏஜெண்ட் பதுருதீன் போனில் சொல்கிறார்:
கிரேன் ஒரு கூட்டத்தின் கையில்,
அவர்களுக்குச் சம்பளம் வடக்கேயிருந்து.
வாசல் இன்னொரு கூட்டத்திடம்.
துப்பாக்கி, டீசல், கொடித்துணி எல்லாம்
கிழக்கேயிருந்து.
அரசாங்கமா? இருக்குதுங்க.
பக்கத்து நாட்டு ஓட்டலில், நாலாவது மாடி.
வாடகை யார் கட்டறாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.

செங்கோட்டுவேலு பேரேட்டைப் புரட்டுகிறார்.
போன வருசம் கையெழுத்துப் போட்ட மந்திரி
இந்த வருசத் தாளில் இல்லை.
நடுவில் தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை.
பணம் வரும் வங்கிதான் மாறியிருக்கிறது.

இருபத்தியோரு நாள்.
அடைகோழிக்குக் கீழே என்றால்
இன்று குஞ்சு கத்தியிருக்கும்.
இது சேவல் பாராத முட்டை.
எந்த ஊர்ச் சூட்டில் வைத்தாலும்
நாற்றம்தான் மிஞ்சும்.

தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பாவாயி
தலை நிமிராமல் கேட்டாள்:
"அப்ப அங்கிருக்கிற சனம்
என்னத்தைங்க திங்குது?"

மக்காச்சோள லாரி ஆரன் அடித்தது.
செங்கோட்டுவேலு எழுந்து போய்
எடை பார்த்தார்.