தோல் கலர்

பட்டமங்கலத் தெருவில் இது மூன்றாவது கடை.
முதல் இரண்டிலும் உல்லன் என்றதும்
ஸ்வெட்டரா, கொடைக்கானலா என்றார்கள்.
ஐப்பசி முழுக்குக்கு வந்த கூட்டம்
செருப்பில் ஆற்றுச் சேற்றோடு
வளையலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது.

குலாம் பாய் எதுவும் கேட்கவில்லை.
ஒவ்வோர் உருண்டையாக மேசைமேல் வைத்தார்.

முதல் நூல் வெண்ணெய்.
நான் நம்பவில்லை.
பாத்திரம் தேய்த்த விரல் பொய் சொல்லும்.
நூலை மேலுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.
பாய் நுனியை வெட்டித் தீக்குச்சி காட்டினார்.
உருகிச் சுருண்டு கறுப்பு மணியாய் நின்றது.
பிளாஸ்டிக்.
மலை ஊரில் இது கதகதப்பு.
சித்திரை மாதம் குத்தாலத்தில்
ரவிக்கைக்குள் இது அடுப்பு.

அடுத்தது பளபளத்தது, மெர்சரைஸ்டு பருத்தி.
எரித்தால் காகித வாசனை, நல்ல சாம்பல்.
ஆனால் முறுக்கு அதிகம்.
மேசை விரிப்புக்கு அழகு,
ஒவ்வொரு கண்ணியும் எழுந்து நிற்கும்.
புதுத் தழும்பின்மேல்
ஒரு கண்ணிகூட எழுந்து நிற்கக் கூடாது.

"என்ன பின்னப் போறீங்கம்மா?"
"தொப்பி மாதிரி ஒண்ணு."
முழுப்பொய் இல்லை.
இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்:
ஒரு வளையம், ஆறு கண்ணி,
அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பதினெட்டு என்று
அகன்றுகொண்டே போய்
ஓரிடத்தில் அகல்வதை நிறுத்த வேண்டும்.
எங்கே நிறுத்துவது என்பதற்கு
தையல்நாயகி ஒரு பழைய ரவிக்கையை
மஞ்சள் பையில் வைத்து
மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

வரப்புத் தகராறில்
நாலு வருஷம் பேசாத ஓரகத்தி.
தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து வந்தவளைப்
பார்க்கப் போனேன்.
ஹார்லிக்ஸை வாங்கி வைத்துவிட்டுச்
சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"ஸ்பாஞ்ச் குடுத்தாங்க.
வேர்த்தா மேல ஏறி வந்துருது.
நடவாளுங்களுக்குச் சோறு எடுத்துட்டுப் போறப்ப
ஒரு கையால கூடையப் புடிக்கிறேன்,
ஒரு கையால இதப் புடிக்கிறேன்."
சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
வரப்பைப் பற்றி அன்றும் நாங்கள் பேசவில்லை.

மூன்றாவது நாலு இழை,
முறுக்குத் தளர்ந்த பருத்தி, மினுக்கில்லை.
மேலுதட்டில் வைத்தேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.
"கலர்?"
"தோல் கலர்."
பாய் எடுத்துப் போட்டது இளஞ்சிவப்பு,
கடைப் பொம்மையின் கன்னம்.
யார் தோல் பாய் இது?
தன் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.
ஏணி போட்டு மேல் தட்டுக்கு ஏறினார்.

இறங்கி வந்ததில் ஏழு பழுப்பு.
என்னைவிட அவள்
இரண்டு சொட்டு டிகாஷன் கூட.
கழுத்து நிறமா, முழங்கை நிறமா?
வெயில் படாத இடத்து நிறம் அல்லவா வேண்டும்.
பெரியவனுக்கு அவள் பால் கொடுக்கையில்
கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம்
பக்கத்தில் உட்கார்ந்து விசிறியிருக்கிறேன்.
கண்ணை மூடிக்கொண்டு
அந்த மத்தியானத்துக்குப் போய்வந்து
நாலாவதைத் தொட்டேன்.

உள்ளே அடைக்க இலவம்பஞ்சு வேண்டாம்,
துவைத்தால் கட்டிதட்டும் என்று
பாய் தானாகவே சொன்னார்.
தொப்பிக்கு ஏது பஞ்சு?
இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி
சில்லறையை எண்ணினோம்.

ஒரே ஓர் உருண்டை.
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு
நூலை ரவிக்கைக்குள்,
வெறும் தோலில் செருகினேன்.
வேர்க்கட்டும், அரிக்கட்டும், தெரிந்துவிடும்.
மூவலூர் தாண்டி மழை.
ஷட்டரை இறக்கியதும் பஸ்ஸே வெந்தது.
பக்கத்தில் ஒருவர் மடியில் வாழைத்தார்,
அதன் பால் என் புடவையில் படுமோ என்பதே
வழியெல்லாம் என் கவலை.

குத்தாலத்தில் இறங்கிப் பையைத் துழாவினால்
நூலைக் காணோம்.
கடையிலா, பஸ்ஸிலா,
நூற்றெண்பது ரூபாய் என்று
சீப்பு, மாத்திரை, பாஸ்புக் எல்லாம் எடுத்து
பெட்டிக்கடைப் பலகையில் பரப்பிய பிறகுதான்
நினைவு வந்தது.

அங்கேயே நின்று பாய்க்குப் போன் போட்டேன்:
"அதே லாட் நம்பர்ல இன்னொண்ணு எடுத்து வைங்க,
துவைச்சா மாத்திக்கணும்ல.
அடுத்த சாயத்துல வேற ஆளாயிடும்."