இரண்டு கோடுகளுக்கு நடுவே

லோம்சாவில் நவம்பர் என்றால்
ஏழு மணிக்குத்தான் விடியும்,
அதுவும் அரைமனதாக.
எட்டே காலுக்கு எனக்கு ஓட்டுநர் தேர்வு.
நாலு மணிக்கே விழித்துவிட்டேன்.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து
வாணலி மூடியை இரு கையாலும் பிடித்தேன்.
இடது செருப்பு கிளட்ச்.
வலது செருப்பு பிரேக்.
ஆக்சிலரேட்டருக்கு மகன் விட்டுப்போன ஒற்றை ஷூ.
பூனை வந்து பிரேக்கின் மேல் படுத்தது.
சகுனம் பார்க்கவில்லை;
வண்டி நின்றது, அவ்வளவுதான்.

நாலு முறை தோற்றவள் நான்.
முதல் முறை ஓர் ஆரஞ்சுக் கூம்பு,
பின்சக்கரத்தின் அடியில்
அது முனகியது இன்னும் கேட்கிறது.
அடுத்து, நடைக்கோட்டில் ஒரு பாதிரியார்:
அவர் நடப்பாரா என்று நானும்
நான் நிற்பேனா என்று அவரும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க
முடிந்துபோனது தேர்வு.
மூன்றாவது, சீட் பெல்ட்.
நாலாவதைப் பற்றி
வீட்டில் யாரும் பேசுவதில்லை.

தங்கை வலேரியன் சொட்டுமருந்து கொடுத்திருந்தாள்.
"இருபது சொட்டு, போகுமுன்."
தொட்டியில் ஊற்றிவிட்டேன்.
மயங்கும் கண்ணுக்கு
நடுங்கும் கை தேவலை.
பயிற்சிப் பள்ளியில் செசாரி சொல்வான்,
"மூச்சு விடுங்க பொகுமிலா, மூச்சு விடுங்க."
எல்லோரும் இதையே சொல்கிறார்கள்,
ஐம்பத்து மூன்று வருடம்
நான் மூச்சே விடாமல் இருந்ததுபோல.

தேர்வாளர் ஷ்மிகீல்ஸ்கிக்கு ஜலதோஷம்.
என்ன காட்டவேண்டும் என்று
கணினி தேர்ந்தெடுத்தது:
எஞ்சின் ஆயில், பின்பக்க மூடுபனி விளக்கு.
பானெட்டைத் திறந்தேன்.
கம்பியை உருவி, துணியால் துடைத்து,
திரும்ப நுழைத்து, திரும்ப உருவினேன்.
நுனியில் இரண்டு கோடுகள்.
மேல்கோட்டுக்குக் கீழே, கீழ்க்கோட்டுக்கு மேலே
பழுப்பாய்ப் பளபளத்தது எண்ணெய்.
"போதுமான அளவு" என்றேன் அவரிடம்.
சொன்ன பிறகுதான் தோன்றியது,
பயமும் இந்த அளவில் இருந்தால் போதுமே,
ஏன் வற்றவேண்டும் என்று.
வற்றினால் எஞ்சின் கருகிவிடாதா?

மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்.
இங்கேதான் நாலாவது முறை...
சரி, அது வேண்டாம்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இருபத்திரண்டு வருடமாய்
ஈரப் படுக்கைவிரிப்புகளின் தள்ளுவண்டியை
சரிவுப்பாதையில் ஏற்றுகிறேன்.
பாதியில் யாராவது வழிமறித்தால்
இடுப்பால் முட்டுக்கொடுத்து நிற்பேன்;
பாரம் என் மீது சாய்ந்து
எவ்வளவு கனம் என்று சொல்லும்.
இந்தக் காரும் அப்படித்தான் சொன்னது.
கிளட்சின் அடியில் ஒரு சின்ன அதிர்வு,
முன்பக்கம் லேசாய்த் தூக்கியது,
கைபிரேக்கை விட்டேன்.
ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.
ஷ்மிகீல்ஸ்கி மூக்கைச் சிந்தினார்.

பிறகு ஊருக்குள்.
ரவுண்டானாவில், எல்லோரும் பார்க்க,
எஞ்சின் அணைந்தது.
பின்னால் ஒரு பால் லாரி
ஊருக்கே கேட்கும்படி ஹார்ன் அடித்தது.
மூன்றாம் நம்பர் துவைக்கும் இயந்திரம்
வாரத்தில் இரண்டு நாள் நடுவில் நிற்கும்.
யாராவது அழுகிறோமா அதற்கு?
கிளட்ச். பிரேக். சாவி.
இடது பக்கம் பார்த்தேன், ஒரு சைக்கிள்,
போகட்டும்.
அதன்பின் போனேன்.

நாற்பது நிமிடம், முழுதாக.
இதுவரை நான் பார்த்தேயிராத
நாற்பதாம் நிமிடம்.

இறங்கும்போது அடுத்தவர் காத்திருந்தார்,
டை கட்டி, உதடு வெளுத்து,
என்னைவிட மூத்தவர்.
மூச்சு விடுங்கள் என்று சொல்லவில்லை நான்.
"மூடுபனி விளக்கு சுவிட்ச்
கொஞ்சம் இறுக்கம்" என்றேன்,
"பயப்படாமல் அழுத்துங்கள், உடையாது."

வீட்டுக்கு வந்து
முட்டை பொரித்தேன்.
மூடியை எடுத்து
வாணலியின் மேல் வைத்தேன்.
பூனை வெகுநேரம்
ஒற்றை ஷூவைச் சுற்றிச் சுற்றி வந்தது.